நிரல் மறுக்க வேண்டிய இடம்

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருக்கொண்டால் தமிழ் நாளிதழ்களில் தவறாது இடம்பெறும் செய்தி ஒன்று உண்டு: கடலூர் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது. ஏற்றப்படும் நேரத்தில் பெரும்பாலும் வானம் வெளுத்தே இருக்கும். கடலும் நாள்தோறும் இருப்பது போலவே இருக்கும். தீங்கு இன்னும் கரையைத் தொடவில்லை. ஆயினும், இயல்பான நிலை முறிந்துவிட்டது என்பதை ஒருவர் தெரிந்தே, முனைந்தே, எல்லோரும் காணும் இடத்தில் அறிவிக்கிறார். கணினி நிரல்களில் இயக்கநேரப் பிழையை வேண்டுமென்றே எழுப்பும் கலையும் இவ்வகையைச் சேர்ந்ததே. இக்கட்டுரை அக்கலையைப் பற்றியது.

கூண்டு முறை பழையது. 1864 அக்டோபரில் கல்கத்தாவைப் பெரும்புயல் ஒன்று சிதைத்தது. அதன் பின், 1865இல் அந்நகரத் துறைமுகத்துக்கென முதல் எச்சரிக்கை ஏற்பாடு தோன்றியது. 1886இல் அது இந்தியத் துறைமுகங்கள் அனைத்துக்கும் விரிந்தது. 1898 ஏப்ரல் முதல் எல்லா இடங்களிலும் ஒரே சீரான குறிகள் நடைமுறைக்கு வந்தன. பகலில் கூம்பும் உருளையுமான வடிவங்கள், இரவில் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகள். பதினொரு எண்களும் பதினொரு வெவ்வேறு பொருள் தருவன. ஒன்றும் இரண்டும் தொலைவில் உள்ள தீங்கைக் குறிக்கும். மூன்றும் நான்கும் துறைமுகத்தை நோக்கி வரக்கூடிய தீங்கைக் குறிக்கும். ஐந்து முதல் ஏழு வரை இடர். எட்டு முதல் பத்து வரை பேரிடர். இந்த இரு மூன்றுகளுக்குள்ளும், புயல் துறைமுகத்தை இடப்பக்கம் விட்டுக் கடக்குமா, வலப்பக்கம் விட்டா, அல்லது துறைமுகத்தின் மீதேயா என்று வேறுபாடு காட்டப்படுகிறது. கப்பல் தலைவனுக்கு அந்த வேறுபாடு உயிர் போன்றது. காற்று எப்பக்கமிருந்து வீசும் என்பதை அதுவே சொல்கிறது.

என் கண்ணுக்கு இவற்றுள் மிக நுட்பமானது பதினோராம் எண். புயல் எச்சரிக்கை மையத்துடனான தகவல் தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரக்கூடும் என்று உள்ளூர் அலுவலர் கருதுகிறார் என்பதே அதன் பொருள். செய்தி வரவில்லை என்பதைச் செய்தியாக்குகிறது இந்த எண். பிற எண்களை மையம் சொல்ல அலுவலர் ஏற்றுகிறார். இதை மட்டும் தம் அறிவை நம்பி ஏற்றுகிறார். 2011 திசம்பர் 30 அன்று காலை, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்தன, தொலைத்தொடர்பு குலைந்தது, பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு வீழ்ந்தன. தொடர்பு அறுவது பெரும்பாலும் அது மிகத் தேவைப்படும் நேரத்தில்தான். அந்த நிலைக்கும் ஓர் எண்ணை ஒதுக்கி வைத்தவர்கள், கணினி பிறப்பதற்கு முன்பே, நல்ல நிரலருக்குரிய மனப்பாங்கு கொண்டிருந்தார்கள்.

இனி நிரலுக்கு வருவோம். நிரலில் நேரும் பிழைகளுள் ஒருவகை, எழுத்துப் பிழை போன்றது. நிரல் ஓடத் தொடங்கும் முன்பே மொழி அதைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடும். மற்றொரு வகை, நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது எழுவது. ஓர் எண்ணைச் சுழியத்தால் வகுக்கச் சொன்னால் பைத்தான் மொழி வகுக்க மறுத்து அவ்விடத்திலேயே நின்றுவிடும். பட்டியலில் பத்து உறுப்புகள் இருக்க, பதினைந்தாவதைக் கேட்டாலும் அப்படியே. இவை எந்திரம் தானாக எழுப்பும் பிழைகள். கணக்கின் விதியும் நினைவகத்தின் எல்லையும் எந்திரத்துக்குத் தெரியும். ஆனால் உலகம் எப்படி இயங்குகிறது என்பது அதற்குத் தெரியாது. மாணவரின் அகவை முந்நூறு ஆக முடியாது என்பதோ, தேர்வு மதிப்பெண் நூற்றுக்கு நூற்றிருபது ஆக முடியாது என்பதோ, ஏரி ஒரு மணி நேரத்தில் வற்றி மறு மணி நேரத்தில் நிரம்பாது என்பதோ எந்திரத்தின் அறிவுக்கு அப்பாற்பட்டவை. அவற்றை அறிந்தவர் நிரலர் ஒருவரே. அவர் அறிந்ததை நிரலில் எழுதி வைத்து, அது மீறப்படும் கணத்தில் தாமே பிழையை எழுப்ப வேண்டும். அதற்கென்று பைத்தானில் ‘ரெய்ஸ்’ என்ற சொல் உண்டு; ஜாவாவிலும் சி பிளஸ் பிளஸ் மொழியிலும் ‘த்ரோ’ உண்டு.

ஏரி என்றேன், சிதம்பரத்துக்கு அருகில் உள்ள ஏரியையே எடுத்துக்கொள்வோம். காட்டுமன்னார்கோயிலை ஒட்டிக் கிடக்கும் வீராணம், பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்டு, வீரநாராயணன் என்ற அவன் பட்டப்பெயரால் அழைக்கப்பட்டது. முழு நீர்மட்டம் 47.50 அடி, கொள்ளளவு 146.5 கோடி கன அடி. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக நீர் வருகிறது. மிகுதி, லால்பேட்டைப் பக்கம் வெள்ளியங்கால் ஓடை வழியாக வெளியேறுகிறது. கடலூர் மாவட்ட வயல்களுக்குப் பாசனம் தரும் இந்நீர், 2004 முதல் குழாய்கள் வழியே சென்னைக்கும் குடிநீராகச் செல்கிறது. எனவே அதன் மட்டம் என்ன என்ற கேள்விக்குப் பிழையற்ற விடை பலருக்கும் வேண்டும்.

சிதம்பரத்து மாணவி ஒருவர், ஏரி மட்டத்தைக் காட்டும் உணர்கருவியிலிருந்து மணிக்கொரு முறை அளவைப் பெற்றுச் சராசரி காணும் நிரலை எழுதுவதாகக் கொள்வோம். ஒரு நாள் பிற்பகலில் ஆறு அளவுகள் வருகின்றன: 47.2, 47.2, 47.3, 47.3, 0, 47.4. ஐந்தாவது மணியில் கருவியின் மின்கலம் சற்றே தடுமாறியது. அளவு கிடைக்காத இடத்தில் கருவி சுழியத்தை அனுப்பிவிட்டது. நிரல் முணுமுணுக்காமல் ஆறையும் கூட்டுகிறது: 236.4. ஆறால் வகுக்கிறது: 39.4. திரையில் ‘சராசரி மட்டம் 39.4 அடி’ என்று அழகாக அச்சாகிறது. உண்மைச் சராசரி, நல்ல ஐந்து அளவுகளின்படி, 47.28 அடி. ஏறத்தாழ எட்டு அடி வேறுபாடு.

இந்த 39.4 என்ற எண்ணைச் சற்று உற்றுப் பாருங்கள். இது நான்காயிரம் என்றோ, கழித்தல் குறியோடோ வந்திருந்தால் எவரும் திடுக்கிட்டிருப்பர். ஆனால் இது கோடையில் ஏரி இறங்கிக் கிடக்கையில் காணக்கூடிய எண்ணைப் போன்று இருக்கிறது. நம்பத்தக்க தோற்றமுடைய பொய் இது. இந்த எண்ணை மட்டும் வாங்கிக்கொள்ளும் அடுத்த நிரல், ஏரியில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது, வடவாற்றில் நீரைக் கூட்டலாம் என்று பரிந்துரைக்கக்கூடும். ஏரியோ விளிம்பு வரை நிரம்பி நிற்கிறது. பிழை நிகழ்ந்தது ஐந்தாவது மணியில், கருவியின் வாயில். அது வெளிப்படுவதோ நாட்கள் கழித்து, வேறொருவர் மேசையில், வேறு ஏதோ ஒன்றின் உருவில். அங்கிருந்து ஐந்தாவது மணிக்குத் திரும்பி நடப்பது நிரலர்களின் வாழ்வில் பெரும் பகுதியைத் தின்னும் வேலை.

மாணவி இரண்டு வரிகளைச் சேர்த்திருந்தால் போதும். தமிழில் எழுதினால் அவை இப்படி இருக்கும்:

முந்தைய அளவுக்கும் இந்த அளவுக்கும் வேறுபாடு 1 அடிக்கு மேல் எனில்,
பிழை எழுப்பு: ‘ஐயத்துக்குரிய அளவு, கருவி 3, மாலை 4 மணி, முன் 47.3, இப்போது 0’.

இவ்விரு வரிகளில் முதலாவதில் ஏரியைப் பற்றிய அறிவு இருக்கிறது. ஓர் அடி என்ற வரம்பை எந்தப் பாடநூலும் தராது. மதகடியில் நின்று நீர் ஏறி இறங்குவதைப் பல்லாண்டு கண்ட பாசன ஊழியரிடம் கேட்டுத்தான் அதைப் பெற வேண்டும். இரண்டாவது வரியில் பொறுப்பு இருக்கிறது. எந்தக் கருவி, எந்த நேரம், என்ன எதிர்பார்த்தோம், என்ன வந்தது என்ற நான்கையும் அது சொல்கிறது. ‘ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, மீண்டும் முயலவும்’ என்று மட்டும் சொல்லும் செய்தியை நாம் வங்கிச் செயலிகளில் நாள்தோறும் காண்கிறோம். எண் எழுதாத கூண்டு எதற்குப் பயன்படுமோ அதற்குத்தான் அச்செய்தியும் பயன்படும்.

இன்னும் செம்மையாகச் செய்ய விரும்பினால், பிழைகளை வகைப்படுத்த வேண்டும். கருவி பேசவே இல்லை என்பது ஒருவகை. பேசிற்று, ஆனால் நம்ப முடியாததைச் சொல்லிற்று என்பது வேறு வகை. நம்பத்தக்கதையே சொல்லிற்று, ஆனால் ஏரி முழு மட்டத்தைத் தாண்டிவிட்டது என்பது மூன்றாம் வகை. முதலாவதற்கு மின்பணியாளர் செல்ல வேண்டும். இரண்டாவதற்குக் கருவியைச் செப்பனிட வேண்டும். மூன்றாவதற்கு மதகைத் திறக்க வேண்டும். மூன்றுக்கும் ஒரே பெயரிட்டால், மதகைத் திறக்க வேண்டிய நேரத்தில் மின்கலம் வாங்கச் செல்வோம். நம் மாணவியின் கருவி செய்த குற்றம், முதல் வகை நிலையைச் சுழியம் என்னும் அளவாக வேடமிட்டு அனுப்பியதே. வானிலைத் தரவுக் கோப்புகளில் அளவு கிடைக்காத இடத்தில் -999 என்று நிரப்பும் வழக்கமும் இந்த வேடத்தின் உறவுதான். அதை அறியாது சராசரி கண்டு, நாகையில் மழை கழித்தல் கணக்கில் பெய்ததாக வரைபடம் தீட்டியவர்கள் இல்லாமல் இருக்க மாட்டார்கள்.

பிழையை எழுப்பினால் என்ன நிகழ்கிறது? நிரல் என்பது ஒன்றையொன்று அழைக்கும் செயற்கூறுகளின் அடுக்கு. அறிக்கை தரும் செயற்கூறு சராசரி காணும் செயற்கூற்றை அழைக்கிறது. அது கருவியை வாசிக்கும் செயற்கூற்றை அழைக்கிறது. அடித்தட்டில் இருப்பது பிழையை எழுப்பியதும் அத்தட்டின் வேலை அங்கேயே நின்றுபோகும். கட்டுப்பாடு ஒரு தட்டு மேலேறும். அங்கே அப்பிழையைக் கையாளும் பகுதி எழுதப்பட்டிருந்தால் அது பிடித்துக்கொள்ளும். இல்லையேல் இன்னும் மேலேறும். எந்தத் தட்டிலும் பிடிப்பார் இல்லை எனில் நிரல் முழுதும் நின்று, எந்த வரியிலிருந்து எப்படி ஏறி வந்தது என்ற தடத்தை அச்சிட்டு ஓயும். இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி எளியது. கீழே இருப்பதற்கு என்ன கெட்டது என்று தெரியும், அதற்கு என்ன செய்வது என்று தெரியாது. மேலே இருப்பதற்கு என்ன செய்வது என்று தெரியும், என்ன கெட்டது என்று தெரியாது. இவ்விரு அறிவையும் இணைக்கும் பாலமே எழுப்பப்படும் பிழை.

எல்லா மொழிகளிலும் இந்தப் பாலம் இல்லை. யூனிக்ஸ் கணினியில், சி மொழியில் ஒரு கோப்பைத் திறக்க முடியாவிட்டால், திறக்கும் செயற்கூறு -1 என்று விடை தரும். அழைத்தவர் அந்த விடையைப் பார்த்து நடந்துகொள்ள வேண்டும் என்பது மரபு. பார்க்காவிட்டால் கேட்பாரில்லை, நிரல் -1ஐயே கோப்பு என்று எண்ணி முன்செல்லும். மாறாக, 1960களிலேயே பி.எல்/1 மொழி இயக்கநேர நிலைகளுக்கெனத் தனிப்பகுதிகள் எழுத வழிசெய்தது. 1975இல் ஜான் குடினஃப் எழுதிய ஆய்வுரை, விதிவிலக்குகள் எனப்படும் இப்பிழைகளை ஒழுங்குறக் கையாளும் முறையை வகுத்தது. பார்பரா லிஸ்கோவ் தம் குழுவினருடன் உருவாக்கிய க்லூ மொழி அதை நடைமுறையில் காட்டிற்று. பின் ஏடா, சி பிளஸ் பிளஸ், ஜாவா, பைத்தான் என்று அது பொதுச்சொத்தாயிற்று. எல்லோரும் உடன்பட்டார்கள் என்றில்லை. 2009இல் வெளிவந்த கோ மொழியின் ஆசிரியர்கள், பிழையையும் ஒரு சாதாரண விடையாகவே திருப்பித் தரும் பழைய வழிக்கு மீண்டார்கள். கண்ணுக்குப் புலப்படாமல் தட்டுத் தட்டாகத் தாவும் பிழை, நிரலைப் படிப்பவரை ஏமாற்றுகிறது என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால் அவர்களும் ‘பேனிக்’ என்ற பெயரில், இனி நடக்கவே கூடாது என்ற நிலைக்கான கதவைத் திறந்தே வைத்திருக்கிறார்கள்.

எழுப்புவது பாதி வேலை. மறுபாதியை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த சான்று ஏரியான் 5. 1996 சூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து அந்த ஏவூர்தி முதன்முறையாக எழுந்தது. ஏறத்தாழ 37 நொடிகளில் திசைமாறி, சிதைந்து, நான்கு க்ளஸ்டர் செயற்கைக்கோள்களுடன் அழிந்தது. நிகழ்ந்தது இது. திசையறியும் கருவியின் நிரல், கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஓர் எண்ணை 64 பிட் மிதவைப்புள்ளி வடிவத்திலிருந்து 16 பிட் முழுஎண்ணாக மாற்ற முனைந்தது. குறியுடைய 16 பிட் முழுஎண்ணில் அடங்கும் பேரெண் 32,767. முந்தைய ஏரியான் 4இல் அவ்வெண் அவ்வளவு பெரிதாக வளர வழியே இல்லை. புதிய ஏவூர்தி விரைவாகப் பாய்ந்ததால் வளர்ந்தது. பிழை எழுந்தது. அதைப் பிடிக்க எவருமில்லை. அத்தகைய ஏழு மாறிகளில் நான்குக்கே காப்பு எழுதப்பட்டிருந்தது. கணினியின் சுமையை வரம்புக்குள் வைக்க மூன்றை விட்டுவிட்டார்கள்.

பிடிப்பார் இல்லாத பிழை எழுந்தால் அக்கணினி தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது வடிவமைப்பாளர் முடிவு. கருவி ஒன்று பழுதானால் துணைக்கருவி பொறுப்பேற்கும் என்று அவர்கள் எண்ணினார்கள். ஆனால் துணைக்கருவியிலும் அதே நிரல். அது சற்று முன்பே அதே பிழையால் நின்றிருந்தது. இதற்கும் மேலான கொடுமை ஒன்று உண்டு. நின்ற கருவி வெளியிட்ட பழுதுக் குறிப்பை, ஏவூர்தியைச் செலுத்தும் தலைமைக் கணினி பறக்கும் திசைபற்றிய தரவு என்று எண்ணிப் படித்தது; அதை நம்பி எந்திர வாய்களை முழுதுமாகத் திருப்பியது. தீயெச்சரிக்கையையே வழிகாட்டும் வரைபடமாகக் கொண்ட கதை இது. இன்னொரு செய்தியையும் விசாரணைக்குழு பதிந்தது: பிழை எழுந்த அந்தக் கணக்கு, ஏவூர்தி தரையை விட்ட பின் தேவையே இல்லாதது.

இங்கே ஒரு வேறுபாட்டைப் பேச வேண்டும். நின்றுவிடுவது எங்கும் காப்பு அன்று. ஓடும் தொடர்வண்டிக்கு நிற்பது காப்பு. பறக்கும் ஊர்திக்கு நிற்பது வீழ்ச்சி. எனவே பிழையை எழுப்பும்போது, இவ்விடத்தில் பாதுகாப்பான நிலை எது என்ற வினாவுக்கு விடை முன்பே தெரிந்திருக்க வேண்டும். இதை நூற்றைம்பது ஆண்டுகளாக நன்கு அறிந்தவர்கள் இருப்புப்பாதைப் பொறியாளர்கள். 1872இல் அமெரிக்கர் வில்லியம் ராபின்சன் உருவாக்கிய தண்டவாள மின்சுற்றில், தண்டவாளம் வழியே மெல்லிய மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும் வரைதான் கைகாட்டி வழிவிடும். வண்டி ஏறினால் அதன் சக்கரங்கள் ஓட்டத்தைக் குறுக்கே திருப்பிவிட, சிவப்பு விழும். தண்டவாளம் உடைந்தாலும், மின்கலம் தீர்ந்தாலும், கம்பி அறுந்தாலும் சிவப்பே விழும். தெரியவில்லை என்பதற்கும் நில் என்பதே விடை.

இதே அறிவு ஓரிடத்தில் இருந்து மற்றோரிடத்தில் இல்லாதபோது நிகழ்ந்ததைக் கடலூர் மறவாது. 2025 சூலை 8 அன்று காலை, கடலூருக்கு அருகே செம்மங்குப்பத்தில் இருப்புப்பாதையைக் கடந்த பள்ளி வேன் மீது விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை சென்ற பயணிகள் வண்டி மோதியது. மாணவர் மூவர் உயிரிழந்தனர். அங்கிருந்தது ஆளுள்ள கேட்தான். ஆனால் இன்டர்லாக்கிங் எனப்படும் இடைப்பூட்டு இல்லாதது. அன்று யார் பொறுப்பு என்பது விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் உரியது. நாம் காண வேண்டியது அமைப்பை.

இடைப்பூட்டு இல்லாத கேட்டில், வண்டி வருமுன் நிலைய அலுவலர் தொலைபேசியில் கேட் கீப்பரிடம் கதவை மூடச் சொல்வார். மூடியதற்கு உறுதியாக, கேட் கீப்பர் தம்மிடமுள்ள ஏட்டிலிருந்து ஓர் எண்ணைச் சொல்வார். அதைத் தனி எண் என்பார்கள். அலுவலர் அதைக் குறித்துக்கொண்டு வண்டிக்கு வழிவிடுவார். கைகாட்டிக்கும் கதவுக்கும் இடையே இரும்போ கம்பியோ இல்லை. ஒரு சொல் மட்டுமே உண்டு. சொல்லும் கதவும் ஒத்திருக்கும் வரை எல்லாம் நலம். ஒவ்வாத அன்று, ஒவ்வவில்லை என்று சொல்ல அவ்வமைப்பில் எதுவும் இல்லை. இடைப்பூட்டு உள்ள கேட்டிலோ கதவு இறங்கிப் பூட்டிக்கொண்டால்தான் கைகாட்டியின் மின்சுற்று நிறைவுறும். கைகாட்டி வழிவிட்ட பின் கதவு திறக்காது. மனிதர் மறந்தாலும், உறங்கினாலும், இரக்கப்பட்டுத் திறக்க முனைந்தாலும், அமைப்பு மறுக்கும். வண்டி கேட்டுக்கு வெளியே நின்று கூவும், பத்து நிமிடம் வீணாகும், பயணிகள் முணுமுணுப்பார்கள். அவ்வளவே. அந்த நேர்ச்சிக்குப் பின் கேட்டுகளில் கண்காணிப்புக் கருவிகள் பொருத்தவும், இடைப்பூட்டுப் பணியை விரைவுபடுத்தவும் தொடர்வண்டித்துறை ஆணையிட்டது.

நிரலின் மொழியில், முதல் கேட் அழைப்பவர் சொல்லை அப்படியே நம்பும் செயற்கூறு. இரண்டாவது, தன் முன்நிபந்தனை நிறைவேறியதா என்று தானே சோதித்து, இல்லையேல் பிழை எழுப்பும் செயற்கூறு. 1980களில் பெர்ட்ராண்ட் மேயர் தம் ஐஃபல் மொழியில் இதை ஒப்பந்தம் என்ற கருத்தாக வளர்த்தார்: நீ இன்ன நிலையில் என்னை அழைத்தால் நான் இன்ன விடை தருவேன், அந்நிலை இல்லையேல் விடையும் இல்லை.

இனி மாறான குற்றத்தைப் பார்ப்போம். நம் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் பல மாணவர்கள் முதலில் கற்கும் தந்திரம், திரையில் சிவந்து தோன்றும் பிழைச் செய்தியை மறையச் செய்வது. நிரல் முழுவதையும் ஒரு ‘ட்ரை’ கட்டத்துக்குள் இட்டு, எந்தப் பிழை வந்தாலும் பிடித்துக்கொள், ஒன்றும் செய்யாதே என்று எழுதிவிட்டால் சிவப்பு மறைந்துவிடும். வெளியிலிருந்து வந்திருக்கும் தேர்வாளர் முன் நிரல் ‘ஓடுகிறது’. இது கூண்டை ஏற்றிய கையோடு கம்பத்தைத் துணியால் மூடுவதே. எழுப்பாமல் விடுவதைவிட இது கேடு என்பேன். எழுப்பாத நிரலில், அறியாமை மட்டுமே உண்டு. இங்கோ அறிந்தது வேண்டுமென்றே விழுங்கப்படுகிறது. பிழையைப் பிடிப்பவர் அதைத் தீர்க்க வேண்டும், அல்லது பதிவேட்டில் எழுத வேண்டும், அல்லது இன்னும் விளக்கமான பெயரிட்டு மேலே அனுப்ப வேண்டும். இம்மூன்றில் ஒன்றும் செய்ய இயலாதவருக்குப் பிடிக்கும் உரிமை இல்லை.

எல்லாவற்றுக்கும் பிழை எழுப்புவதும் அறிவுடைமை ஆகாது. படிவத்தில் ஒருவர் தொலைபேசி எண்ணை ஓர் இலக்கம் குறைத்து எழுதுவது நாள்தோறும் நடப்பது. அதற்கு மீண்டும் கேட்டால் போதும். தேடியது கிடைக்கவில்லை என்பதும் ஒரு விடையே. ஒவ்வொரு தூறலுக்கும் கூண்டு ஏற்றினால் எவரும் கம்பத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டார்.

எழுப்பிய எச்சரிக்கை சேர வேண்டிய இடத்தைச் சேரவும் வேண்டும்; அதற்கும் கடலூரே சான்று. 2004 திசம்பர் 26 அன்று காலை 6.28க்குச் சுமத்திரா அருகே கடலடி அதிர்ந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து ஆழிப்பேரலை தேவனாம்பட்டினம் முதலான கடலூர்க் கடற்கரை ஊர்களில் ஏறியது. மாவட்டத்தில் அறுநூறு பேருக்கு மேல் மாண்டனர். நிலநடுக்கம் நேர்ந்த கால்மணி நேரத்தில் அவாய்த் தீவுகளிலிருந்த பசிபிக் எச்சரிக்கை மையம் அதைக் கண்டுகொண்டது. ஆனால் இந்தியப் பெருங்கடல் நாடுகளில் அச்செய்தியை ஏற்றுக் கரைக்குக் கடத்த ஓர் ஏற்பாடும் இல்லை. கீழ்த்தட்டில் பிழை எழுந்தும், மேல்தட்டுகள் எதிலும் பிடிப்பார் இல்லாத நிலையை இதைவிடக் கொடிய உருவில் காண முடியாது. 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் இந்திய ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. அம்மையமும் இந்தியப் பெருங்கடல் நாடுகளும் ‘ஐஓவேவ்’ என்ற பெயரில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒத்திகை நடத்துகின்றன. நடக்காத நிலநடுக்கம் ஒன்றை நடந்ததாகக் கொண்டு எச்சரிக்கை விடுக்கிறார்கள். அது எந்த அலுவலகம் வரை, எவ்வளவு நேரத்தில் சென்று சேர்கிறது என்று அளக்கிறார்கள்.

பெரிய மென்பொருள் நிறுவனங்கள் செய்வதும் இதையே. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2010 வாக்கில் ‘கேயாஸ் மங்கி’ என்றொரு கருவியை உருவாக்கியது. இயங்கிக்கொண்டிருக்கும் தன் சொந்தக் கணினிகளையே, அலுவல் நேரத்தில், குறிப்பின்றித் தேர்ந்து அணைப்பதே அதன் தொழில். பொறியாளர்கள் விழித்திருக்கும் நேரத்தில் சிறு பிழையை வேண்டுமென்றே எழுப்பிப் பார்த்தால், நள்ளிரவில் தானாக எழும் பெரும்பிழையைத் தாங்கும் வலிமை அமைப்புக்கு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். சிறு நிரல்களிலும் இதைச் செய்யலாம். தவறான உள்ளீட்டைத் தந்து, நிரல் பிழை எழுப்பினால்தான் தேர்ச்சி, விடை தந்தால் தோல்வி என்று சோதனை எழுதும் வசதி இன்று பெரும்பாலான மொழிகளில் உண்டு.

கடலூரிலும் சிதம்பரத்திலும் கணினி கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். செய்முறைத் தேர்வில் மாணவர் எழுதும் ஒவ்வொரு நிரலுக்கும் சரியான உள்ளீடுகளோடு, விடையே தரக்கூடாத ஓர் உள்ளீட்டையும் சேர்த்துக் கொடுங்கள். அதற்கும் நிரல் ஓர் எண்ணை அச்சிட்டால் மதிப்பெண்ணைக் குறையுங்கள். எதை, ஏன் ஏற்கவில்லை என்று தெளிவாகச் சொல்லி நின்றால் முழு மதிப்பெண் வழங்குங்கள். வரும் பருவத் தேர்விலேயே இதைத் தொடங்கலாம்.